ஆறு வண்டி வீடு

திருத்தங்கலில் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால், "ஆறு வண்டி நிக்குமே, அந்த வீடு" என்று தெருக்காரர்கள் கை காட்டுவார்கள். 2012 வாக்கில் வாசலிலிருந்து பின்கட்டு வரை நின்றவை இவை: அப்பாவின் டி.வி.எஸ். 50, அவரே பழையதாக வாங்கிய பஜாஜ் சேத்தக், சித்தப்பா திருப்பூருக்குப் பிழைக்கப் போனபோது விட்டுச் சென்ற யமஹா ஆர்.எக்ஸ். 100, பெரிய அண்ணனின் ஸ்பிளெண்டர், சின்ன அண்ணனின் பல்சர், எல்லாவற்றுக்கும் பின்னால் தகரக் கொட்டகைக்குள் மாருதி ஆம்னி. சைக்கிள் இந்தக் கணக்கில் சேராது. வீட்டில் அவற்றை ஓட்டியவர்கள் மூன்று பேர். மூவரும் ஆண்கள்.

இதில் பகட்டு எதுவும் கிடையாது. ஒரு வண்டியைக்கூட ஊர் பார்க்க வேண்டும் என்பதற்காக அப்பா வாங்கியதில்லை. ஒவ்வொன்றும் ஒரு வேலைக்காக வந்தது. அந்த வேலை முடிந்த பிறகு வண்டி மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. எப்படித் தங்கியது, அதனால் யாருக்கு என்ன ஆயிற்று என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்திருந்தேன்.

அப்பா பயர் ஆபீஸில் போர்மேன். பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் பயர் ஆபீஸ் என்போம்; தீப்பெட்டி ஆலை தீப்பெட்டி ஆபீஸ். மருந்து கலக்கும் வேலையை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதால், ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ் வரும் முன்பே போர்மேன் அங்கே இருந்தாக வேண்டும். இருட்டோடு கிளம்பிவிடுவார். ஆரம்பத்தில் ஹெர்குலிஸ் சைக்கிள், பிறகு டி.வி.எஸ். 50. எந்த வண்டியானாலும் ஆலை வாசலோடு சரி. உள்ளே ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளியில் சரக்கைக் கையால் தள்ளும் வண்டியில்தான் கொண்டுபோவார்கள். பீடி, தீப்பெட்டி, பின்னாளில் செல்போன், எல்லாம் வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாயங்காலம் வீடு வரும்போது விரல் இடுக்குகளில் அலுமினியப் பொடி பளபளக்கும். எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் மிச்சமிருக்கும். அந்த மொபெட்டின் கைப்பிடி ரப்பரில் அப்பாவின் பிடி பட்ட இடம் மட்டும் வெள்ளி பூசியதுபோல் இருந்தது. வேறு யார் கைபட்டும் அந்த நிறம் வரவில்லை.

டி.வி.எஸ். 50 ஓசூர் ஆலையிலிருந்து 1980இல் வந்தது. இந்தியாவில் இரண்டு பேர் உட்காரக்கூடிய முதல் மொபெட் அது. மிதித்து ஸ்டார்ட் செய்யலாம், பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றினால் போதும், கியர் மாற்றும் கவலை இல்லை. வாங்கும்போது இரண்டு பேருக்கான வண்டி. சிவகாசிக்கு வந்ததும் அது பாரவண்டி ஆகிவிட்டது. பிரஸ்ஸுக்குப் போகும் காகிதக் கட்டு, பெட்டி ஒட்டும் வீடுகளுக்குப் போகும் அட்டை, கடைக்குப் போகும் எண்ணெய் டின் என்று அது தூக்காத சரக்கு இந்த ஊரில் இல்லை. எங்கள் வீட்டில் அதன் முதல் வேலை தண்ணீர். கோடை வந்தால் குழாயில் பல நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். பக்கவாட்டில் கொக்கி அடித்து, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடங்களைத் தொங்கவிட்டு, முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஒரு குடத்தையும் வைத்து அண்ணன்கள் ஊர்க் கிணறுகளுக்கு ஓடுவார்கள். பெண் பிள்ளைகள் தலையிலும் இடுப்பிலும் சுமந்த தண்ணீரை ஓரளவு அந்த வண்டிதான் வாங்கிக்கொண்டது. அந்த வண்டியை நான் இன்றும் மரியாதையோடுதான் நினைக்கிறேன்.

வண்டிகள் ஏன் சேர்ந்தன என்பதற்கு எங்கள் ஊரின் பணம் வரும் விதத்தைச் சொல்ல வேண்டும். மாதச் சம்பளக்காரர் வீட்டில் பணம் சீராக வரும், சீராகப் போகும். பட்டாசுத் தொழிலில் வாரக்கூலி வாரத்துக்கே சரியாகிவிடும். மொத்தமாகக் கையில் பணம் வருவது வருடத்துக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு முந்தைய நாட்களில், போனஸாக. அடுத்த வருட வேலைக்கான அட்வான்ஸும் சேர்ந்து வந்தால் வீட்டில் ஒரே நேரத்தில் பெரிய தொகை இருக்கும். அப்போது எடுக்காவிட்டால் அது கல்யாணம், காதுகுத்து, மருத்துவம், கடன் என்று கரைந்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. ஆகவே கையில் இருக்கும்போதே எதையாவது கெட்டியாக வாங்கிப் போட்டுவிட வேண்டும். அம்மாக்களுக்கு அது நகை. அப்பாக்களுக்கும் பையன்களுக்கும் வண்டி. தீபாவளி வாரத்தில் எங்கள் பக்கத்துக் கடைவீதியில் மாலை போட்ட புது வண்டிகள் வரிசையாகப் போகும். சந்தனம் தடவி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, பத்திரகாளியம்மன் கோயில் வாசலில் பூஜை போட்டு எடுத்துவருவார்கள்.

வாங்குவது சுலபம். விற்பதற்குத்தான் மனம் வராது. பழைய வண்டிக்குக் கிடைக்கும் விலையைக் கேட்டால் வயிறு எரியும். அதைவிடப் பெரிய தடை தெருவின் பார்வை. வாசலில் நின்ற வண்டி ஒருநாள் காணவில்லை என்றால், "என்ன, நொடிச்சுப் போய்ட்டாங்களா?" என்று பேச்சு கிளம்பிவிடும். பெண் கொடுக்கவோ எடுக்கவோ இருக்கும் வீட்டில் அந்தப் பேச்சு ஆகாது. அதனால் அப்பா ஒரே பதிலை வைத்திருந்தார்: "ஒரு ஓரமா நிக்கட்டும். சோறா கேக்குது?"

சேத்தக் வந்த கதை சுருக்கமானது. புது சேத்தக்குக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அப்பா. அவரிடம் அப்போது பணம் இல்லை. பணம் வந்தபோது அந்த வண்டியின் காலமே முடியத் தொடங்கியிருந்தது. ஓய்வு பெற்ற ஒருவர் விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் போய் வாங்கி வந்துவிட்டார். இளமையில் ஆசைப்பட்டது கைக்கு வந்த சந்தோஷம் அவர் முகத்தில் பல நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் துடைப்பார். ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்தி உதைப்பார். பஜாஜ் 2009இல் ஸ்கூட்டர் தயாரிப்பையே நிறுத்தப்போவதாக அறிவித்தபோது வீட்டில் துக்கச் செய்தி வந்ததுபோல் பேசினார்.

ஆம்னி வந்தது பெரிய அண்ணனின் தொழிலுக்காக. சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். அதிலிருந்து கடை கடையாக ஆர்டர் பிடித்து, கார்த்திகை மார்கழியில் அச்சான காலண்டர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அண்ணன் அருப்புக்கோட்டை, விருதுநகர், சாத்தூர் பக்கம் ஆர்டர் பிடித்தான். தினசரிக் காலண்டர் பார்க்கத்தான் சிறியது, கட்டாகக் கட்டினால் கல் கனம். அதற்குத்தான் பழைய வேன். வருடத்தில் மூன்று மாதம் ஓடும். மற்ற மாதங்களில் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு, உறவில் ஒரு கல்யாணத்துக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்கு. அண்ணன் பிறகு ஆப்செட் பிரஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்தான். காலண்டர் நின்றது. வேனும் நின்றது.

அந்த வேன் விஷயத்தில் அப்பாவிடம் ஒரு கண்டிப்பு உண்டு. ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டியைக்கூட அதில் ஏற்ற விடமாட்டார். வெளியூரிலிருந்து தீபாவளிச் சரக்கு வாங்க வரும் உறவினர்கள், "கிப்ட் பாக்ஸ்தானே மாமா, மதுரை வரைக்கும் கொண்டு விட்டுருங்க" என்று கேட்பார்கள். முகத்தைத் திருப்பிக்கொள்வார். "வாழ்நாள் பூரா இஞ்சின அந்தப் பக்கம் விடாம காவல் காத்தவன் நான். எங்கிட்டயே கேக்கியளா?" 2016 அக்டோபர் 20 அன்று சிவகாசி பைபாஸ் சாலையில் பட்டாசுக் கிட்டங்கி ஒன்றில் சரக்கு ஏற்றும்போது தீப்பிடித்தது. புகை பக்கத்து ஸ்கேன் மையத்துக்குள் புகுந்து, உடம்புக்கு முடியாமல் வந்தவர்களும் அங்கே வேலை பார்த்தவர்களும் மூச்சு முட்டி இறந்தார்கள். வெளியே நிறுத்தியிருந்த வண்டிகள் வரிசையாக எரிந்து கூடாகி நின்றன. அந்தப் படங்களைப் பார்த்த பிறகு உறவினர்கள் அப்பாவிடம் அப்படிக் கேட்கவே இல்லை.

இனி அம்மாவைப் பற்றி.

அம்மா முதலில் வீட்டில் இருந்தபடி தீப்பெட்டி ஒட்டினாள். பிறகு தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கினாள். அதன் பிறகு பயர் ஆபீஸில் பாக்கெட் போடும் வேலை. அப்பா வேலை பார்த்த ஆலை ஒரு திசை, அம்மாவின் ஆலை வேறு திசை. அப்பா இருட்டில் போய்விடுவார். அண்ணன்கள் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அம்மா சோறு வடித்து, குழம்பு வைத்து, எல்லோருக்கும் எடுத்து வைத்துவிட்டுத் தூக்குவாளியோடு தெருமுனைக்கு நடப்பாள். கம்பெனி பஸ் சொன்ன நேரத்துக்கு வரும் என்றும் சொல்ல முடியாது, வராது என்றும் சொல்ல முடியாது. அதனால் முன்கூட்டியே போய் நிற்க வேண்டும். தவறவிட்டால் அன்றைய கூலி போயிற்று. சாயங்காலம் அந்த பஸ் ஊர் ஊராகச் சுற்றி ஆட்களை இறக்கிவிட்டு எங்கள் தெருவுக்குக் கடைசியில் வரும். அவள் வேலை எண்ணிக்கைக் கூலி. எத்தனை முடித்தாளோ அத்தனைக்குத்தான் காசு. சீக்கிரம் போய் உட்காருகிறவளுக்கு அதிகம் கிடைக்கும். பஸ்ஸுக்கு நின்ற நேரத்துக்கும் பஸ்ஸில் சுற்றிய நேரத்துக்கும் யாரும் கூலி தரவில்லை.

அவள் தெருமுனையில் நின்ற அந்த நேரத்தில், வீட்டில் ஆறில் ஐந்து வண்டிகள் நின்றுகொண்டிருந்தன.

கல்லூரியில் படிக்கும் வரை இது என் கண்ணில் படவே இல்லை என்பதுதான் உண்மை. எல்லா வீடுகளிலும் அப்படித்தான் இருந்தது. சாவிகள் சாமி படத்துக்குக் கீழே ஆணிகளில் தொங்கும். எந்தச் சாவி யாருடையது என்று வீட்டுக்கு வருகிற எவருக்கும் தெரியும். அந்த ஆணிகளில் ஒன்றுகூட அம்மாவுக்கோ எனக்கோ உரியதல்ல. தேவைக்கு அதிகமான வண்டி என்று ஒரு வீட்டைச் சொல்லும்போது, யாருடைய தேவையைக் கணக்கில் எடுத்தோம் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆட்களையும் வண்டிகளையும் வைத்துப் பார்த்தால் எங்கள் வீட்டில் வண்டி அதிகம். அம்மாவை வைத்துப் பார்த்தால் ஒரு வண்டிகூட இல்லை.

2013இல் அப்பாவுக்குக் கண்ணில் புரை. வெளிச்சத்தில் எதிரே வருகிற வண்டி தெரியவில்லை என்றார். ஆபரேஷன் ஆன பிறகும் இருட்டில் ஓட்ட வேண்டாம் என்று அண்ணன்கள் நிறுத்திவிட்டார்கள். பெரிய அண்ணன் கொண்டுபோய் விட ஆரம்பித்தான். டி.வி.எஸ். 50 வேலையில்லாமல் நின்றது. தண்ணீருக்கும் அது தேவைப்படவில்லை, டிராக்டர் தண்ணீர் வீட்டு வாசலுக்கே வரத் தொடங்கியிருந்தது. இரும்புக்குப் போடலாம் என்று சின்ன அண்ணன் சொன்னான். வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமல், "எனக்குப் பழக்கி விடுங்களேன்" என்றாள்.

யாரும் உடனே பதில் சொல்லவில்லை. அப்பாதான் கடைசியில், "ஏ, அவளுக்குச் சைக்கிளே தெரியாது" என்றார். கோபத்தில் சொன்னதில்லை அது. பயம்.

நான் பழக்கிவிட்டேன். எனக்கு அதற்கு முந்தைய வருடம்தான் தோழி ஒருத்தியின் ஸ்கூட்டியில் கைபழகியிருந்தது. கண்மாய் வற்றிக் கிடந்தது. கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தாலும் கரையை ஒட்டி ஆட்கள் நடந்து நடந்து கெட்டிப்பட்ட இடம் இருந்தது. வேலிக்கருவைக்கு நடுவே அந்தப் பாதையில்தான் அம்மா ஓட்டினாள். சேலையை முழங்காலுக்குக் கீழே இறுக்கிச் செருகிக்கொள்வாள். முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு, நான் பின்னாலிருந்து பிடித்துத் தள்ள, கால் இரண்டையும் தரையில் தேய்த்தபடி சமன் பார்க்கப் பழகினாள். அது வந்துவிட்டால் மற்றது வந்துவிடும். ஆக்சிலேட்டரைத் திருகும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். ஆடு மேய்க்க வந்த ஒரு பெரியவர் கரையில் உட்கார்ந்து பார்ப்பார். ஒருநாள் அவர் எழுந்து வந்து, "தாயி, தூரமாப் பாரு. சக்கரத்தப் பாக்காத" என்று சொன்னார். நான் சொல்லிக் கேட்காததை அவர் சொன்னதும் கேட்டுக்கொண்டாள். அன்றோடு வண்டி நேராக ஓடியது.

எல்.எல்.ஆர். போட்டு, கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸும் வாங்கினாள். படிவத்தில் கையெழுத்துப் போடும்போது பேனாவை அவ்வளவு அழுத்திப் பிடித்திருந்தாள். அதன் பிறகு அம்மா தன் வேலைக்குத் தன் வண்டியில் போனாள். காலையில் நின்ற நேரமும் சாயங்காலம் சுற்றிய நேரமும் அவள் கைக்குத் திரும்பி வந்தது. எண்ணிக்கை கூடியது, கூலியும் கூடியது. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்து காபி போட்டு உட்கார்ந்து குடித்தாள். அதற்கு முன்னால் அம்மா உட்கார்ந்து காபி குடித்துப் பார்த்த நினைவு எனக்கு அதிகம் இல்லை. பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியைப் பின்னால் ஏற்றிக்கொண்டும் போவாள். ஆறு வண்டிகளில் மிகப் பழையது, இரும்புக்குப் போக இருந்தது, அந்த வருடங்களில் வீட்டிலேயே அதிகம் ஓடிய வண்டி ஆனது.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பேரியம் நைட்ரேட் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டுமே செய்ய வேண்டும். தீபாவளி முடிந்ததும், நவம்பரில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகளை உரிமையாளர்கள் மூடினார்கள். மறுவருடம் வரை சில மாதங்கள் ஊரே அடங்கிப்போயிற்று. காலையில் கம்பெனி பஸ் சத்தம் இல்லை. அம்மாவுக்கும் சின்ன அண்ணனுக்கும் வேலை இல்லை. அவன் பழைய பல்சரை வைத்துக்கொண்டே அந்தத் தீபாவளிக்குத்தான் வேறொரு புது வண்டியைத் தவணையில் எடுத்திருந்தான். பைனான்ஸ்காரர்கள் வாசலுக்கு வந்து நின்றபோது அப்பா முதல்முறையாக, "ஏதாச்சும் ரெண்ட வித்துருவோம்" என்றார்.

அப்போது தெரிந்த ஒரு விஷயத்தை எங்கள் வட்டாரத்தில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். வாங்கிப் போட்ட வண்டி ஆபத்துக்கு உதவும் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தோம். ஒரே தொழிலை நம்பியிருக்கும் ஊரில் ஆபத்து எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் வருகிறது. எங்கள் தெருவிலேயே வாசலுக்கு ஒன்று வீதம் வண்டி விற்பனைக்கு நின்றது. திருத்தங்கலிலிருந்து சாத்தூர் ரோடு வரை மெக்கானிக் கடைகளில் இடம் இல்லாமல் வண்டிகளை வெளியில் நிறுத்தியிருந்தார்கள். வாங்க ஆள் இல்லை. பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்த வியாபாரிகள் சொன்ன விலைக்கு சேத்தக்கையும் பல்சரையும் சேர்த்துக் கொடுத்தாலும் இரண்டு தவணை அடைக்க முடியாது. அம்மாவின் காதில் இருந்தது மட்டும் அன்றைக்கு விலை குறையாமல் அடகுக்குப் போயிற்று. தங்கத்தின் விலையைச் சிவகாசி தீர்மானிப்பதில்லை. வண்டியின் விலையைச் சிவகாசியின் வயிறுதான் தீர்மானித்தது.

புது வண்டி பைனான்ஸுக்கே திரும்பிப் போனது. மற்றவை நின்றன.

அதே 2018இல் பிப்ரவரி மாதம் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் மானியத் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய். பெரிய அண்ணன் மனைவி, என் மதினி, பிரஸ்ஸில் பைண்டிங் பிரிவில் வேலை பார்க்கிறார். அவர் விண்ணப்பித்து வண்டி வாங்கினார். "வீட்ல இத்தனை நிக்கும்போது இன்னொண்ணு எதுக்கு?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விபோலத் தெரியும். ஆர்.சி. புத்தகத்தில் மதினியின் பெயர் இருந்ததுதான் அதற்குப் பதில். யாரிடமும் கேட்காமல் அவர் எடுத்துக்கொண்டு போகக்கூடிய வண்டி வீட்டில் அது ஒன்றுதான். குழந்தைக்கு நள்ளிரவில் காய்ச்சல் வந்தபோது அண்ணன் நைட் ஷிப்டில் இருந்தான். மதினி அம்மாவையும் குழந்தையையும் உட்கார வைத்துத் தானே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனார்.

எனக்குக் கல்யாணமாகி விருதுநகர் வந்த பிறகு வேறொரு கணக்கைப் பார்த்தேன். மாமனாருக்கு பஜாரில் வத்தல், மல்லி கமிஷன் கடை. வசதிக்குக் குறைவில்லை. வெளியூர்ப் பயணத்துக்கு ஒரு கார் உண்டு. கடைக்கு அவர் கடைசிவரை சைக்கிளில்தான் போனார். ஓட்டுவதற்கு இரண்டாவது வண்டி வாங்கச் சொன்னால், "நிக்கிறதுக்கு ஏம்மா காசு கட்டணும்?" என்பார். அவருடைய தாத்தா காலத்தில் மாட்டுவண்டியில் சரக்கு கொண்டுபோன கதைகளைச் சொல்லுவார். விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை என்று வியாபாரிகள் ஊருக்கு ஊர் பேட்டை வைத்திருந்தார்கள். மதில் சூழ்ந்த அந்த இடத்தில் வண்டியும் மாடும் சரக்கும் பத்திரமாக இராத்தங்கும். சரக்கின் மேல் மகமை என்று ஒரு சிறு தொகை பிரித்து ஊர்ப் பொதுவுக்கு வைப்பார்கள். அந்தப் பணத்திலும், வீட்டுக்கு வீடு தினம் ஒரு கைப்பிடி எடுத்து வைத்த பிடி அரிசியிலும் பள்ளிக்கூடங்கள் வளர்ந்தன. 1889இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலா அப்படி வளர்ந்ததுதான். காமராஜர் படித்த பள்ளி. வண்டி ஓடினால் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பங்கு. சும்மா நிறுத்திவைக்க அந்தக் காலத்தில் யாருக்கும் முடியாது, ஏனென்றால் மாடு நிஜமாகவே சாப்பாடு கேட்கும்.

அப்பாவின் "சோறா கேக்குது?" நினைவுக்கு வந்தது. கேட்கத்தான் செய்கிறது. 2022 ஜூனில் மாறிய மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தை வைத்து ஒரு நாள் எழுதிப் பார்த்தேன். டி.வி.எஸ். 50க்கு 538 ரூபாய். சேத்தக், ஆர்.எக்ஸ். 100, ஸ்பிளெண்டர், பல்சர் நான்குக்கும் தலா 714. ஆம்னிக்கு 2,094. வரி சேர்க்காமலே 5,488. அம்மா மொபெட் ஓட்டப் பழகிய வருடத்தில் அவளுடைய ஒரு மாதக் கூலியை ஒட்டி வரும் தொகை அது. காப்பீடு இல்லாமல் பிடிபட்டால் 2,000 ரூபாய் அபராதம். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணமும் 2022 ஏப்ரலில் இரண்டு சக்கர வண்டிக்கு 300இலிருந்து 1,000 ஆயிற்று. காருக்கு 600இலிருந்து 5,000. இவை காகிதச் செலவு. நிற்கிற வண்டிக்கு பேட்டரி இறங்கும், டயர் வெடிப்பு விடும், கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகும், எலி வயரைக் கடிக்கும். ஓடும் வண்டிக்கு ஆகும் செலவில் பாதியையாவது நிற்கும் வண்டி வாங்கிக்கொள்கிறது. வீடோ வாசலையும் கொட்டகையையும் அவற்றுக்குக் கொடுத்துவிட்டது; அம்மா துணி காயப்போட மாடிக்கு ஏறிப் போய்க்கொண்டிருந்தாள்.

அதே வருடக் கடைசியில் அப்பா காலமானார். விற்கலாம் என்று அண்ணன்கள் முடிவெடுத்த பிறகுதான் விற்க முடியாது என்று தெரிந்தது. டி.வி.எஸ். 50, சேத்தக், ஆம்னி மூன்றும் அப்பா பெயரில். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்து, அம்மா பெயருக்கு மாற்றிய பிறகே யாருக்கும் கைமாற்ற முடியும். ஆர்.எக்ஸ். 100 இன்னும் சித்தப்பா பெயரில். அவரைத் திருப்பூரிலிருந்து வரவழைத்துக் கையெழுத்து வாங்கினோம். அந்த வண்டிக்கு மட்டும் எதிர்பாராத விலை கிடைத்தது. 1996இல் நின்றுபோன மாடலை இன்றைய பையன்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். சித்தப்பா பணத்தை எண்ணிப் பார்த்து அம்மா கையில் கொடுத்துவிட்டு, "மதினி, இத்தனை வருஷம் இடம் குடுத்ததுக்கு" என்றார். ஆம்னியின் அடித்தகடு துருவேறிப் போயிருந்தது. ஆர்.சி.யை ரத்து செய்து எடைக்குப் போட்டோம். சேத்தக் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவருக்குப் போயிற்று. பணம் வாங்க அம்மா மறுத்துவிட்டாள். பல்சர் தெருவிலேயே ஒரு பையனுக்குப் போனது.

அப்பாவின் வண்டிகளில் டி.வி.எஸ். 50 மட்டும் இருக்கிறது. அம்மாவுக்கு அது இப்போது தேவைப்படுவதும் இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வேலையை விட்ட பிறகு சிவகாசிக்கும், என்னைப் பார்க்க விருதுநகர் பக்கமும் அவள் பஸ்ஸில் வருகிறாள். இலவசப் பயணம் வந்த பிறகு, யாரிடமும் காசு கேட்டு எங்கே போகிறேன் என்று சொல்ல வேண்டியதில்லை என்று ஒருநாள் சொன்னாள். அந்தப் பழைய மொபெட் தேவைக்கு அதிகமானதுதான். அதற்கு நாங்கள் இன்சூரன்ஸ் கட்டிக்கொண்டிருக்கிறோம், கட்டுவோம். எல்லாப் பொருளையும் உபயோகக் கணக்கில் தீர்த்துவிட என்னால் முடியவில்லை. அவள் உழைத்து ஓட்டிய வண்டிக்கு ஒரு இடம் அந்த வீட்டில் உண்டு.

இப்போது பெரிய அண்ணன் மின்சாரக் கார் வாங்க வேண்டும் என்கிறான். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், மழையில் ஸ்கூட்டரில் போக முடியவில்லை, சார்ஜ் போட வாசலில் இடமும் இப்போது இருக்கிறது என்று காரணங்கள் சொல்கிறான். எனக்கு மறுப்பில்லை. தீபாவளிப் பணத்தில் அவசரமாக எடுக்க வேண்டாம், தை வரை பொறு என்று மட்டும் சொன்னேன். அம்மா வேறு ஒன்று கேட்டாள்: "கார் வந்தா அவளும் ஓட்டுவாளா?"

அண்ணன் மதினியைப் பார்த்தான். மதினி ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார் போல. டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் காலை ஆறு மணிக்கு வகுப்பு இருக்கிறதாம், பிரஸ் ஷிப்டுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்றார். போன வாரம் எல்.எல்.ஆர். வந்துவிட்டது. கார் எது என்று இன்னும் முடிவாகவில்லை.